சாட்ஸ்வொர்த் வீட்டுக்குப் போர்போல் நாய்க்குட்டி பொருந்துமா?

சாட்ஸ்வொர்த்_மேட்டுவீடு:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு மேட்டுச் சரிவில் இருக்கிறது. நடுச்சுவரைப் பக்கத்து வீட்டுடன் பங்கிட்டுக்கொள்ளும் இரட்டை வீடு. பின்புறம் பத்துப் பன்னிரண்டு தப்படி நீளத்தில் ஒரு முற்றமும், அதன் மூலையில் தாத்தா வைத்த கறிவேப்பிலை மரமும் உண்டு. சென்ற மாதம் ஓரிரவில் யாரோ சுவரேறிக் குதித்து, கீசரின் செப்புக் குழாயை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து என் அம்மாவுக்கு உறக்கமில்லை. அவருக்கு வயது 74. கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். பிள்ளைகளுக்கு வயது 6, 10. நானும் மனைவியும் காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பினால் மாலை ஐந்துக்குத்தான் வீடு திரும்புவோம்.

ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் வேலை பார்க்கும் மைத்துனர், அங்குள்ள பண்ணை ஒன்றிலிருந்து எட்டு வாரப் போர்போல் நாய்க்குட்டியைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். ரிட்ஜ்பேக் நாய்தான் சிறந்தது என்கிறார் உடன் வேலை செய்யும் நண்பர். இந்த இனங்களின் பூர்வீகம் என்ன, குணம் எப்படிப்பட்டது, வளர்ப்பதற்கு என்னென்ன வேண்டும் என்பதை வளர்த்துப் பார்த்தவர்களே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாரிட்ஸ்பர்க்_மாமா:

தம்பி, நான் பதினான்கு ஆண்டுகளில் மூன்று போர்போல்களை வளர்த்தவன். அந்த இனத்தின் மீது எனக்குள்ள அன்பு குறையவே குறையாது. ஆனாலும் உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம் என்றே சொல்வேன். காரணத்தை விளங்கச் சொல்கிறேன்.

'போர்' என்றால் ஆஃப்ரிகான்ஸில் உழவர் என்று பொருள். 1652இல் டச்சுக்காரர்கள் இந்நாட்டுத் தென்முனையிலுள்ள கேப்பில் வந்து இறங்கிய காலந்தொட்டு ஐரோப்பியர்கள் கொண்டுவந்த பெருந்தலைக் காவல் நாய்கள் உள்நாட்டுப் பண்ணைகளில் ஒன்றோடொன்று கலந்து, அந்தக் கலப்பில் வந்தது இந்த நாய். அடுத்த வீட்டுக்குப் போகவே குதிரை பூட்ட வேண்டிய அத்தகைய பண்ணைகளில், ஆள் வருவதற்கு முன்பே தானாக முடிவெடுத்து எதிரியைத் தடுத்து நிறுத்தும் நாய்தான் தேவைப்பட்டது. பிற்காலத்தில் இனம் கலைந்து அழிந்துவிடுமோ என்று அஞ்சியவர்கள், எஞ்சியிருந்த நல்ல நாய்களைத் தேடிக் கண்டுபிடித்து, 1983இல் ஃப்ரீ ஸ்டேட்டின் செனக்கல் என்ற ஊரில் வளர்ப்போர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கக் கென்னல் கிளப் 2015இல் இதைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது; டென்மார்க்கோ 2010இலேயே இதை வளர்ப்பதைத் தடைசெய்துவிட்டது. ஒரே நாயைப் பற்றிய இந்த இரு முடிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலே, யார் கையில் அது வளர்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

வளர்ந்த கடுவன் 60, 70 கிலோவைச் சாதாரணமாகத் தொடும். சொந்தக் குடும்பத்தின் மேல் அளவிறந்த பாசம் உண்டு. அந்தப் பாசத்தைப் பற்றித்தான் உங்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இவ்வகைப் பெருநாய்கள் தமக்குப் பிடித்தவர்கள் மேல் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நிற்கும். என் இரண்டாவது நாய் 68 கிலோ இருந்தது. ஒரு ஞாயிறு காலையில் என் அக்கா, கையில் தேநீர்க் கோப்பையுடன் பின்வாசல் படியில் நின்றிருந்தார். நாய் மெதுவாக வந்து, அவர் முழங்காலை ஒட்டி நின்று, கண்ணை மூடிச் சாய்ந்தது. குரைக்கவுமில்லை, பாயவுமில்லை. அக்கா மூன்று படி கீழே போய் விழுந்தார். இடக்கை மணிக்கட்டு முறிந்தது. நாய்க்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. விழுந்து கிடந்தவரின் முகத்தை நக்கிக்கொண்டு நின்றது. கைத்தடி ஊன்றி நடக்கும் உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வளர்ப்பதிலும் பொறுமை வேண்டும். எலும்பு முற்றுவதற்கே ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் குட்டியைக் கொழுக்க வைத்தாலோ, பலம் வரட்டும் என்று கால்சியம் மாத்திரைகளைத் தனியாகக் கொடுத்தாலோ, இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் கெட்டுவிடும். பெருநாய்க் குட்டிகளுக்கென்று உள்ள தீவனத்தை அளந்து கொடுக்க வேண்டும். தாய், தந்தை இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்த சான்று இருக்கிறதா என்று மைத்துனரைக் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தக் குட்டியை யாருமே வாங்கக் கூடாது என்பது என் கருத்து. நாள் முழுவதும் ஆளில்லாத முற்றத்தில் தனியே வளரும் போர்போலுக்கு யார் விருந்தினர், யார் திருடர் என்று கற்றுக்கொள்ள வழியே இருக்காது.

டோங்காட்_அக்கா:

மாமா சொன்னது முற்றிலும் சரி. ரிட்ஜ்பேக்கைப் பற்றி நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இப்போது இருப்பது இரண்டாவது.

முதுகில் எதிர்த்திசையில் வளரும் அந்த மயிர்வரி, ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்த மண்ணின் பூர்வகுடிகளான கோய்கோய் மக்கள் வைத்திருந்த நாய்களிடம் இருந்தது. குடியேறிகளின் வேட்டை நாய்களோடு அவை கலந்தன. 1870களில் சார்ல்ஸ் ஹெல்ம் என்ற மதபோதகர், இன்றைய ஜிம்பாப்வேயில் புலவாயோவுக்கு அருகிலுள்ள ஹோப் ஃபவுண்டன் நிலையத்துக்குத் தம்முடன் இரண்டு நாய்களைக் கொண்டுசென்றார்; கொர்னீலியஸ் வான் ரூயன் என்ற வேட்டைக்காரர் அவற்றைத் தம் நாய்களோடு சேர்த்து இனம் பெருக்கினார். 1922இல் புலவாயோவில் பிரான்சிஸ் பார்ன்ஸ் இதற்கான இன இலக்கணத்தை டால்மேஷனின் இலக்கணத்தைப் பின்பற்றி வகுத்தார். சிங்கத்தைக் கொல்லும் நாய் என்று பலர் பெருமையாகச் சொல்வது தவறு. எந்த நாயாலும் சிங்கத்தைக் கொல்ல முடியாது. சிங்கத்தைச் சுற்றி வளைத்து, அதன் அடிக்கு எட்டாமல் விலகி விலகிக் குரைத்து, வேட்டைக்காரன் வந்து சேரும் வரை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பதுதான் இதன் வேலை. ஆகவே நெடுந்தொலைவு ஓடும் மூச்சும், கட்டளைக்குக் காத்திராமல் தானே முடிவெடுக்கும் புத்தியும் இதன் உடம்போடு பிறந்தவை. கடுவன் 63 முதல் 69 சென்டிமீட்டர் உயரமும், ஏறக்குறைய 36 கிலோ எடையும் இருக்கும்.

அந்தப் புத்தியையும் மூச்சையும் பத்துத் தப்படி முற்றத்தில் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதை என் முதல் நாயிடம் கண்டேன். நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் வேலியோரமாக ஓடி ஓடி, புல் தேய்ந்து, முழங்கால் ஆழத்துக்கு ஒரு தடமே விழுந்துவிட்டது. காலையும் மாலையும் ஒரு மணி நேரம் கடற்கரையில் ஓட்டத் தொடங்கிய பிறகே அது அடங்கியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த இனத்தில் பிறவிக் குறை ஒன்று உண்டு: முதுகின் நடுக்கோட்டில், பெரும்பாலும் கழுத்துப் பக்கம், தோலுக்கு அடியில் மெல்லிய குழாய் ஒன்று உள்நோக்கிப் போகும். சில குட்டிகளுக்கு அது தண்டுவடம் வரைக்கும் எட்டும். டெர்மாய்ட் சைனஸ் என்பார்கள். மயிர்வரியைத் தரும் மரபணுவே இதற்கும் காரணம் என்றும், அந்த மரபணு தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் இரட்டையாக வந்த குட்டிகளுக்கே ஆபத்து அதிகம் என்றும் 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. என் முதல் குட்டியை விற்றவர் இதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் பிடரியைத் தடவும்போது, தோலுக்கடியில் சமைக்காத சேமியா இழை ஒன்று படுத்திருப்பதைப் போல விரலில் தட்டியது. தோலைத் தூக்கினால் ஓரிடத்தில் மட்டும் உள்ளே இழுத்துப் பிடித்தது. அந்தப் புள்ளியில் நாலைந்து மயிர் கொத்தாக நின்றது. அறுவைக்குப் பின் பிழைத்துக்கொண்டது என்றாலும், அந்த ஆறு வாரங்களை இன்றும் மறக்க முடியவில்லை. ரிட்ஜ்பேக் வாங்குகிறவர் யாராயினும், மண்டையடியிலிருந்து வால் அடி வரை தோலைத் தூக்கித் தூக்கி இரு விரலால் உருட்டிப் பார்க்காமல் பணத்தை நீட்ட வேண்டாம்.

ஃபீனிக்ஸ்_தம்பி:

அப்படியானால் அல்சேஷன் வாங்கலாமே? எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் இருக்கின்றன. பேச்சைக் கேட்கும், பிள்ளைகளோடும் பழகும்.

வெருலம்_ஆசிரியர்:

அறிவில் குறை சொல்ல முடியாத நாய்தான். ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் 1899இல் மந்தை மேய்க்கும் நாய்களிலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் அது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் பெயரே கசப்பாக இருந்ததால் ஆங்கிலேயர்கள் அதற்கு அல்சேஷன் என்ற பெயரைச் சூட்டினார்கள். நாள் முழுவதும் மந்தையைச் சுற்றிவரப் பிறந்த நாய்க்கு வேலை கொடுக்காவிட்டால், வீட்டுக்கு வரும் பிள்ளைகளையே மந்தையாக்கிக் குதிகாலைக் கவ்வித் துரத்தும். டர்பனின் பிசுபிசுப்பில் அதன் இரட்டை மயிர்ப் போர்வைக்கு அடியில் ஈரம் தங்கி, புண் வைத்துவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது அடிமயிர் வரை சீவி எடுக்க வேண்டும். இடுப்பு மூட்டுக் கோளாறும் இந்த இனத்தில் அதிகம். தவிர, இனவொதுக்கல் ஆட்சிக் காலத்தில் காவல்துறையின் நாய்கள் ஏவப்பட்டதைக் கண்ணால் கண்ட என் வயதுக்காரர்களுக்கு அந்த நாயைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும். அது நாயின் குற்றமில்லை. ஆனாலும் 74 வயது அம்மா இருக்கும் வீட்டில் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

நான் வேறொரு நாயைப் பற்றிப் பேச வந்தேன். நம்மில் பலர் அதை ஒரு இனமாகவே கருதுவதில்லை. நம் மாகாணமான குவாசுலு-நட்டாலின் கிராமப்புறத்தில் ஆடுமாடுகளோடு திரியும், ஒடுங்கிய வயிறும் குறுமயிரும் கொண்ட அந்த நாய்களைத்தான் சொல்கிறேன். ஆஃப்ரிக்கானிஸ் என்ற பெயரை யோகன் காலன்ட்டும் ஜோசப் சித்தோலேயும் முன்வைத்தார்கள். 1998இல் அதற்கென ஒரு சங்கமும் அமைந்தது. மேற்காசியாவிலிருந்து நைல் ஆற்று வழியாக ஆப்பிரிக்காவுக்குள் வந்து, இரும்புக் காலக் குடிகள் தெற்கு நோக்கிப் பெயர்ந்தபோது அவர்களோடு நடந்தே வந்து சேர்ந்த நாய்களின் வழித்தோன்றல் இது. யாரும் அழகு பார்த்து இணை சேர்க்கவில்லை. இந்த மண்ணின் வெயிலையும் உண்ணியையும் அரைவயிற்று உணவையும் தாங்கியவை பிழைத்தன; தாங்காதவை மாண்டன. நூற்றாண்டுக் கணக்கில் அப்படிச் சலித்துச் சலித்து எஞ்சிய உடல் இது. ஆகவேதான் பெருநாய்களைப் பிடிக்கும் மூட்டுக் கோளாறுகளும், ஒரே இரத்தத்துக்குள் கலந்ததால் வரும் குறைகளும் இதில் அரிதாக இருக்கின்றன. உயரம் 50 முதல் 60 சென்டிமீட்டர். மனிதரோடு ஒட்டும், புதியவரைக் கண்டால் எட்ட நின்று குரைக்கும், தேவையில்லாமல் பாயாது.

இதை எழுதும்போது எனக்குத் தமிழ்நாட்டு நாய்களின் நினைவு வருகிறது. 1860இல் 'ட்ரூரோ' கப்பலில் நம் முன்னோர் சென்னையிலிருந்து வந்தபோது விட்டுவந்தவற்றில் நாய்களும் உண்டல்லவா? ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று ஊருக்கும் வழக்கத்துக்கும் ஏற்பப் பெயர் பெற்ற நாய்கள் அங்கே இருக்கின்றன. மணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் கன்னி என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நான் விருதுநகர் மாவட்டத்துக்குச் சென்றிருந்தபோது ஒரு வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த ராஜபாளையத்தைப் பார்த்தேன்: பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. நான் கூப்பிட்டபோது திரும்பவேயில்லை; தரையைத் தட்டியதும் தலை நிமிர்ந்தது. அதற்குப் பிறவியிலேயே காது கேளாது என்றார் வீட்டுக்காரர். தூய வெள்ளையே வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் விலை அது. வெள்ளை நிறத்தோடு செவிட்டுத் தன்மையும் பல நேரங்களில் சேர்ந்தே வருகிறது. 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையில் அச்சிட்ட நான்கு நாய்களில் ராஜபாளையமும் ஒன்று. அந்தப் பெருமை இருந்தும், அங்கேயும் ஊர்க்காரர்கள் லாப்ரடாரைத்தான் 'ஜாதி நாய்' என்கிறார்கள். இங்கே நாம் ஆஃப்ரிக்கானிஸைத் தெருநாய் என்பதும் அதே கண்ணால் பார்ப்பதுதான்.

கரும்புக்காட்டுக்காரன்:

ஐயா மன்னிக்கவும், ஒல்லியான நாட்டு நாயைக் கண்டு எந்தத் திருடன் அஞ்சுவான்? எங்கள் பக்கம் அப்படிப்பட்ட நாய்கள் கோழியைப் பிடிக்கின்றன, ஐந்தடிச் சுவரை ஒரே தாவில் தாண்டுகின்றன. அவற்றில் பாதி கிரேஹவுண்ட் கலந்தவை. எதை நம்பி வாங்குவது?

வெருலம்_ஆசிரியர்:

நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஊரில் திரியும் நாயெல்லாம் ஆஃப்ரிக்கானிஸ் ஆகிவிடாது. நகர்ப்புறத்தில் கலப்பு மிகுதி. சுவர் தாண்டுவதும் உண்மை, கோழி பிடிப்பதும் உண்மை. கருத்தடை செய்து, தினமும் நடத்திக் கூட்டிச் சென்றால் அலைச்சல் பெரிதும் குறையும். சுவர் ஆறடியாவது இருக்க வேண்டும். ஆனால் திருடனைக் கடித்து வீழ்த்துவதா நாயின் வேலை? அவன் சுவர்மேல் கை வைக்கும்போதே வீட்டாரை எழுப்புவதுதானே? உள்ளே இறங்கிவிட்டவனுக்கு எதிராக நாயை நிறுத்தினால், நஞ்சு கலந்த இறைச்சிக்கு முதலில் பலியாவது அந்த நாய்தான்.

விலங்குமனை_செவிலி:

நான் டர்பனில் விலங்கு மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருக்கிறேன். எந்த இனம் என்ற பேச்சு நல்லதுதான். ஆனால் எங்கள் மேசைக்கு வரும் நாய்களில் பல, இனத்தால் வரும் நோயோடு வருவதில்லை; இந்த ஊரில் வரும் நோயோடுதான் வருகின்றன.

முதலாவது பிலியரி என்ற உண்ணிக் காய்ச்சல். மஞ்சள் நாயுண்ணி கடிக்கும்போது பபீசியா ராஸ்ஸி என்ற ஒட்டுண்ணி இரத்தத்துக்குள் புகுந்து சிவப்பணுக்களை உடைக்கிறது. வேறு நாடுகளில் உள்ள பபீசியா வகைகளைவிட நம் நாட்டிலுள்ளது மிகக் கொடியது. நேற்று ஓடியாடிய நாய் இன்று சோறு வேண்டாம் என்று சுருண்டு படுத்தால், மேலுதட்டைத் தூக்கிப் பல் ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி விட்டால் வெள்ளையான இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால், அல்லது சிறுநீர் கறுப்புத் தேநீர் போல் போனால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு வாருங்கள். தாமதமானால் வேறொரு நாயின் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். உண்ணி மாத்திரையை மாதம் தவறாமல், அல்லது பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வகையை நாள் குறித்துவைத்துக் கொடுங்கள். குளிர்காலத்திலும் நிறுத்த வேண்டாம்.

இரண்டாவது ரேபிஸ். குவாசுலு-நட்டாலில் 1976 முதல் நாய்களிடையே இது தொடர்ந்து இருந்துவருகிறது. நாய்க்கும் பூனைக்கும் ஊசி போடுவது இந்த நாட்டில் சட்டக் கட்டாயம். மூன்று மாதத்தில் முதல் ஊசி, ஓராண்டுக்குள் இரண்டாவது, அதன்பின் குறைந்தது மூன்றாண்டுக்கு ஒருமுறை. அரசு கால்நடைத் துறை முகாம்களில் கட்டணமில்லாமல் போடுகிறார்கள். யாரையாவது நாய் கடித்துவிட்டால், மஞ்சளோ சுண்ணாம்போ அப்பாமல், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அறிகுறி தெரிந்த பிறகு அந்த நோய்க்கு மருத்துவமே இல்லை.

இன்னொன்று பலருக்குத் தெரியாது: நாயின் மலத்தை முற்றத்தில் விட்டுவைத்தால் சாணவண்டு அதைத் தின்னும், அந்த வண்டை நாய் தின்றால் ஸ்பைரோசெர்கா என்ற புழு உணவுக்குழாயில் கட்டி உண்டாக்கும், சில நாய்களில் அது புற்றாகவும் மாறும். தினமும் அள்ளி விடுவதே தலையான காப்பு.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பையும் தயவுசெய்து போடாதீர்கள். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். அதில் ஒட்டியிருக்கும் வெங்காயம் இரத்த அணுக்களைக் கெடுக்கும்.

குட்டியாக வாங்குகிறவர்கள் மூன்றாவது வாரம் முதல் பதினான்காவது வாரம் வரையுள்ள காலத்தை வீணாக்கக் கூடாது. அந்த வயதில் எதைப் பார்த்துக் கேட்டு மோந்து பழகுகிறதோ, அதற்குத்தான் பிறகு அஞ்சாமல் இருக்கும். தீபாவளி வெடிக்கு மிரண்டு கம்பிவேலியில் கிழிபட்டு வரும் நாய்களை நாங்கள் ஆண்டுதோறும் தைத்து அனுப்புகிறோம்.

சாட்ஸ்வொர்த்_மேட்டுவீடு:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமா எழுதிய அந்தப் படிக்கட்டுச் செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குக் காவலே வேண்டாம்ப்பா, சத்தம் போட்டால் போதும்" என்றார். மைத்துனரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குச் சிறிது வருத்தம்தான்.

சாட்ஸ்வொர்த்_மேட்டுவீடு (ஐந்து மாதங்களுக்குப் பின்):

இழையை மறுபடி திறப்பதற்கு மன்னிக்கவும். என்ன நடந்தது என்று கேட்டுத் தனிமடல் எழுதியவர்களுக்காக எழுதுகிறேன்.

விலங்குக் காப்பகத்திலிருந்து இரண்டு வயதுப் பெட்டை ஒன்றைக் கொண்டுவந்தோம். செம்மண் நிறம், வெள்ளை நெஞ்சு, வலக்காதில் மட்டும் பழைய வெட்டு. ஆசிரியர் ஐயா படத்தைப் பார்த்துவிட்டு, முழு ஆஃப்ரிக்கானிஸ் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் அந்த உடற்கட்டு இருக்கிறது என்றார். எடை 24 கிலோ. கருத்தடை ஆகிவிட்டது. முதல் ஊசி காப்பகத்தில் போட்டது. அடுத்ததற்கான நாளைச் சமையலறை நாள்காட்டியில் அம்மாவே வட்டமிட்டு வைத்திருக்கிறார். சுவருக்கு மேல் இரண்டு வரிசைக் கல் ஏற்றினோம், பின்பக்கம் விளக்குப் போட்டோம். காலையில் நானும் மாலையில் மூத்தவனும் நடத்திக் கூட்டிச் செல்கிறோம். முதல் மூன்று வாரம் கறிவேப்பிலை மரத்தடியைவிட்டு அது வரவேயில்லை. நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. மீலி என்னும் மக்காச்சோள மாவுக் கஞ்சியில் வேகவைத்த கோழியைப் பிய்த்துப் போட்டு, அம்மா தினமும் அரை அடி அரை அடியாகத் தட்டை வாசற்பக்கம் நகர்த்தி வந்தார்.

இப்போது இரவில் அது குரைத்தால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அம்மா எழுந்திருப்பதில்லை. நேற்று அதிகாலை இரண்டு மணிக்கும் அப்படித்தான்; நான் விளக்கைப் போடப் போனபோது, அடுத்த அறையிலிருந்து இருட்டிலேயே சொன்னார்: "படுப்பா, அது பூனைக்குக் குரைக்கிற குரல். ஆளென்றால் தொண்டை வேறே மாதிரி வரும்."